தேனீக்களுக்குச் சொன்ன சேதி

எங்கள் வேலியோரத்தில் பழைய சிப்பாய்களின் சங்கத்தார் ஓர் இரும்புப் பலகை நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். வடக்கும் தெற்கும் மோதிக்கொண்ட அந்தப் போரின் போக்கு கென்டக்கியில் திரும்பியது இந்த இடத்தில்தானாம். ஜெனரல் ஹாலோவெல் இங்கே தங்கியிருந்து, ஓடைப் பக்கம் பீரங்கி முழங்குவதைக் கேட்டு, தக்க தருணத்தில் படையை அனுப்பி மாநிலத்தைக் காப்பாற்றினாராம். கீழே ஒரு வரைபடம். நீலத்தில் இரண்டு அம்பு, சிவப்பில் ஒன்று. நீல அம்பின் வால் சரியாக எங்கள் தேன்மரங்கள் நின்ற இடத்தில் விழுந்திருக்கிறது. அது மட்டும் எப்படியோ சரியாக அமைந்துவிட்டது.

ஜெனரல் கேட்ட அழகு எனக்குத் தெரியும். அவர் படுத்திருந்தது என் கட்டிலில்.

அந்த வருஷம் கோடையில் மழை இல்லை, இலையுதிர்காலத்திலும் இல்லை. கிணறு வற்றி, குளம் வெடித்து, சாலை மாவாகப் பறந்தது. இரண்டு பெரிய படைகளும் கென்டக்கிக்காக அலைந்ததைவிடத் தண்ணீருக்காக அலைந்ததுதான் அதிகம். எங்கள் மேட்டுக்கு அந்தப் பக்கம் ஓடும் கேன் ஓடையில் குட்டை குட்டையாகக் கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருந்தது. அதற்காகத்தான் எல்லாரும் வந்தார்கள்.

என் கணவன் ஆசா டாரன்ட் வடக்குப் படையில் இருந்தான். சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த ஸ்டாக்டன் வீட்டார் அடிமைகளை வைத்துப் புகையிலை பயிரிட்டவர்கள், அவர்கள் பிள்ளைகள் தெற்கோடு போனார்கள். எங்களிடம் இருந்ததெல்லாம் ஒரு கோவேறு கழுதை, ஒரு மாடு, ஒரு நாய், வரிசையாக நின்ற தேன்மரங்கள், பிறகு நானும் என் மாமியார் கெஸையாவும். தேன்மரம் என்றால் வேறொன்றுமில்லை, உள்ளே பொந்து விழுந்த மரத்தை ஆள் இடுப்பளவுக்கு அறுத்து, நிமிர்த்தி வைத்து, மேலே பலகை மூடினால் தேனீ குடிவந்துவிடும். எங்கள் வீட்டுப் பின்புறம் மண்ணே கிடையாது, வெறும் பாறை. அந்தப் பாறை, மேட்டுக்கு அடியில் புகுந்து ஓடை வரைக்கும் போகிறது. தேன்மரங்கள் அந்தப் பாறைமேல் நின்றன.

அன்று காலையில் ஆசாவின் படைப்பிரிவு எங்கள் வாசல் வழியாகவே ஓடைக்குப் போனது. அவன் வரிசையை விட்டு ஓடிவந்தான். முகமெல்லாம் புழுதி, கண் மட்டும் தெரிந்தது. நான் குடுவையில் மோர் ஊற்றிக் கொடுத்தேன்.

"தண்ணி கேட்டா மோர் குடுக்குறே. நான் இல்லாதப்போ பெரிய பணக்காரி ஆயிட்டே போல" என்றான்.

"மாடு குடிச்ச தண்ணிதான் அது. பேசாம குடி."

மாமியார் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியின் நுனியை எச்சிலில் நனைத்து அவன் நெற்றியைத் துடைத்துவிட்டார். அவன் கூட்டாளிகள் சிரித்தார்கள். "டாரன்ட், காதுக்குப் பின்னாடியும் தொடச்சுக்கடா, எதிரி பாத்தா அசிங்கமா இருக்கும்" என்று ஒருவன் கத்தினான். ஆசா ஓடிப்போய் வரிசையில் சேர்ந்துகொண்டான். மேட்டு உச்சியில் தொப்பிகள் ஒவ்வொன்றாக மறைவதை நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அவர்கள் போன பின்னால் ஜெனரல் வந்தார், பெரும் படையோடு. படை எங்கள் வயல், ஸ்டாக்டன் வயல் எல்லாவற்றிலும் இறங்கியது. ஜெனரல் என் படுக்கையறையில் இறங்கினார். கடைவாய்ப் பல் வீங்கி, தாடையோடு தலையைச் சுற்றித் துணி கட்டியிருந்தார். அவருக்கு விஸ்கியில் கிராம்பு ஊறப்போட்டுக் கொடுப்பது என் வேலையாயிற்று.

"பல்லப் பிடுங்குறதா, போர நடத்துறதான்னு அவருக்கே இன்னும் முடிவாகல" என்று சமையல்காரச் சிப்பாய் என்னிடம் சொன்னான். "ரெண்டுல ஒன்னுக்கு வலிக்காமப் பாத்துக்குவாரு."

கிராம்பு கொண்டுபோனபோது ஜெனரல் தன் உதவியாள் கேப்டன் தேயரிடம் திட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். பெண்பிள்ளைக்கு என்ன புரியும் என்று என் முன்னாலேயே சொன்னார்.

"எதிரியோட பெரிய படை வடக்க, மாநிலத் தலைநகர் ஃபிராங்க்ஃபர்ட் பக்கம் இருக்கு. நான் அதுக்குத்தான் ஆளச் சேத்து வச்சிருக்கேன். ஓடைக்குப் போனவங்க தண்ணியப் பிடிச்சு வச்சுக்கட்டும். ஒருவேளை எதிரி மொத்தமா அங்க வந்துட்டான்னா பீரங்கி பேசும். பேசினா போவோம். பேசாத வரைக்கும் இங்கேர்ந்து ஒரு ஆள் நகரக் கூடாது. அவசரப்பட்டு ஓடைக்குப் போயிட்டா, அவன் வடக்க ஊரப் பிடிச்சுக்குவான்."

"சரிங்க சார். நான் வெளியிலயே நின்னு கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றார் கேப்டன்.

அவர் மாசசூசெட்ஸ்காரர், சின்ன வயசு, நல்ல மாதிரி. சொன்னபடியே முற்றத்தில் நின்றார். என் கணவன் உயிர் அவர் காதில் இருந்தது. அது அப்போது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மத்தியானம் ஆனது. நான் அடுப்படியில் சோளரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். வெளியே இத்தனை ஆயிரம் பேர் இருந்தும் சத்தம் இல்லை. வெயில் எல்லாரையும் படுக்க வைத்திருந்தது. காற்று துளியும் இல்லை, மரத்தில் ஓர் இலை ஆடவில்லை. காக்கைகூட வாயை மூடிக்கொண்டிருந்தது. நாய் மட்டும் ஒரு இடத்தில் படுக்க மறுத்தது. படுக்கும், வயிறு தரையில் பட்டதும் சூடு பட்டாற்போல எழுந்துகொள்ளும், வேறு இடம் போகும், அங்கேயும் எழுந்துகொள்ளும். பாறைமேல் வைத்திருந்த பால் சட்டியைப் பார்த்தேன். ஏட்டின் மேல் வட்டம் வட்டமாகச் சுருக்கம் ஓடிக்கொண்டிருந்தது. சிப்பாய்கள் எங்கோ நடக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் ஒருவரும் நடக்கவில்லை.

தேன் எடுத்துவரப் போன மாமியார் நெடுநேரம் திரும்பவில்லை. ஒருமுறை உள்ளே வந்து, என்னைப் பார்க்காமலே ஆணியில் தொங்கிய வாசல் சாவியை எடுத்துக்கொண்டு போனார். அவர் கையில் அவருடைய கறுப்புப் பாவாடையும் இருந்தது. எனக்கு ரொட்டி தீய்ந்துகொண்டிருந்தது. நான் என்னவென்று கேட்கவில்லை.

தேனுக்காக நானே பின்பக்கம் போனபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. எல்லாத் தேன்மரங்களிலும் கறுப்புத் துணி கட்டியிருந்தது. பாவாடையைக் கிழித்துக் கிழித்துக் கட்டியிருந்தார். மாமியார் கடைசி மரத்துக்குப் பக்கத்தில் பாறைமேல் உட்கார்ந்திருந்தார். தேனீக்கள் வேலைக்குப் போகாமல், பொந்தின் வாசலுக்கு வெளியே கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றின் முனகல் கேட்கவில்லை.

வீட்டில் யாராவது செத்தால் எங்கள் பக்கம் முதலில் தேனீக்களுக்குச் சொல்ல வேண்டும். வாசல் சாவியால் மூன்று தட்டுத் தட்டி, இன்னார் போய்விட்டார், நீங்கள் எங்களோடு இருங்கள் என்று சொல்லி, கறுப்புக் கட்ட வேண்டும். சொல்லாவிட்டால் அவை கோபித்துக்கொண்டு பறந்துவிடும், இல்லை செத்துவிடும். தெற்குக்காரர்கள், வடக்குக்காரர்கள் இரண்டு தரப்பும் சண்டை போடாத ஒரே விஷயம் அதுதான்.

"யாருக்கு அத்தை?" என்றேன்.

"ஆசா போயிட்டாண்டி லிண்டி."

"யாரு வந்து சொன்னது?"

"யாரும் வரல. தேன் எடுக்கக் குனிஞ்சேன். உள்ளேர்ந்து தட்டுற சத்தம் கேட்டுது. தட்டு, தட்டு, தட்டுன்னு. நான் தட்டல. எனக்கு முன்னாடியே யாரோ உள்ள உக்காந்து தேனீக்குச் சேதி சொல்லியாச்சு. நம்ம வீட்டுல வேற யாருடி இருக்கா சாகுறதுக்கு? முறையா நானும் ஒருதடவ சொல்லிட்டேன்."

எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. "உயிரோட இருக்கிறவனுக்கு நீங்களே கறுப்பு கட்டுவீங்களா? பெத்த வாயால சொல்லுவீங்களா?" என்று கத்தினேன். அவர் உள்ளங்கையால் மரத்தைத் தொட்டுக் காட்டினார், நீயே கேட்டுக்கொள் என்பதுபோல.

அவர் சொன்னது பொய் என்று காட்டத்தான் மண்டியிட்டேன். துணியை விலக்கி மரத்தில் காதை வைத்தேன்.

தட்டியது. ஆழத்தில், நிதானமாக. ஒன்று. இன்னொன்று. இன்னொன்று. பிறகு நின்றது. இருட்டான அந்தப் பொந்துக்குள் ஒரு ஆள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, எனக்காகக் காத்திருந்து தட்டுவதுபோல இருந்தது. எழுந்து ஓடியிருப்பேன். ஆனால் அது மறுபடி தட்டியபோது மூன்றோடு நிற்கவில்லை. நாலு, ஐந்து, பிறகு இரண்டு ஒன்றன்மேல் ஒன்று, பிறகு சரமாரியாக. சாவுச் சேதி சொல்ல இத்தனை தட்டு எதற்கு? கோடையில் ஸ்டாக்டன் வயலில் பீரங்கிக்காரர்கள் சுட்டுப் பயிற்சி எடுத்தபோது, கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தால் சுவரில் இப்படித்தான் கேட்கும்.

நிமிர்ந்தேன். வெளியே அமைதி. ஒரு இலைகூட ஆடவில்லை. மறுபடி காதை வைத்தேன். உள்ளே போர் நடந்துகொண்டிருந்தது.

முற்றத்துக்கு ஓடினேன். கேப்டன் தேயர் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்.

"பீரங்கி சுடுறாங்க. ஓடைப் பக்கம். வந்து கேளுங்க."

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். நிஜமாகவே கேட்டார். "ஒன்னும் கேக்கலையேம்மா. காலையிலேர்ந்து இங்கதான் நிக்கிறேன்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்க துக்கம் எனக்குப் புரியுது. பெரியம்மா கறுப்பு கட்டுறத மத்தியானமே பாத்தேன். மகன்னு சொன்னாங்க" என்றார்.

"மகன்னு சொன்னாங்களா? யாரு வந்து சேதி சொன்னான்னு கேட்டீங்களா? குதிரையில எவனாவது வந்தானா? நீங்க வாசல்லதானே நிக்கிறீங்க?"

அவருக்கு உறைத்தது எனக்கே தெரிந்தது. ஒருவரும் வந்திருக்கவில்லை.

பின்பக்கம் அழைத்துப் போனேன். தேனீயிடம் எப்படிப் போவது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தொப்பியைக் கீழே வைத்து, மெதுவாக மண்டியிட்டு, கன்னத்தை மரத்தோடு வைத்தார். ஒன்றிரண்டு தேனீ அவர் சட்டைக் கழுத்தில் ஏறின, அவர் அசையவில்லை. அவர் முகம் வெளுப்பதைப் பார்த்தேன்.

"கடவுளே" என்றார். "எவ்வளவு நேரமா?"

"மத்தியானத்துலேர்ந்து" என்றார் என் மாமியார். அவரும் அப்போதுதான் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன்.

ஜெனரல் தாடைத் துணியை அவிழ்த்தெறிந்துவிட்டு ஜன்னலில் தலையை நீட்டினார். "எனக்கு ஒரு மண்ணும் கேக்கல தேயர்."

"எனக்கும் கேக்கல சார். ஆனா நடந்துக்கிட்டிருக்கு."

"தேனீ சொல்லிச்சுன்னு மேலிடத்துக்கு எழுதட்டுமா? என் பேரைக் கேட்டு ஊரெல்லாம் சிரிக்கணும், அதானே?"

கேப்டன் குதிரையில் ஏறி மேட்டுக்கு விட்டார். நானும் பின்னால் ஓடினேன். என்னை யாரும் தடுக்கவில்லை, நான் இருப்பதையே ஒருவரும் கவனிக்கவில்லை.

மேட்டின் சரிவு முழுக்க நிசப்தம். என் மூச்சும் சருகும்தான் கேட்டன. உச்சிக்கு ஓர் அடி முன்னால்வரை அப்படித்தான். அடுத்த அடி வைத்தேன், சத்தம் சுவர்போல என் முகத்தில் மோதியது. பள்ளத்தாக்கு முழுக்கப் புகை, புகைக்குள் நெருப்பு, பீரங்கி, துப்பாக்கி, ஆயிரம் பேர் ஒரே குரலில் அலறுவது. பயத்தில் ஓர் அடி பின்னால் வைத்தேன். நிசப்தம். பறவைகூட இல்லாத வெயில் பிற்பகல். மறுபடி முன்னால் வைத்தேன். அலறல். நான் அந்த இடத்தில் முன்னும் பின்னுமாக எத்தனை தடவை அடி வைத்தேன் என்று தெரியாது. இந்தப் பக்கம் என் கணவன் செத்துக்கொண்டிருக்கிறான், அந்தப் பக்கம் ஒன்றுமே நடக்கவில்லை. நடுவில் ஒரு சாண் புல்தரை.

கேப்டன் குதிரையைத் திருப்பி என்னைத் தாண்டிப் பறந்தார். கொஞ்ச நேரத்தில் வடக்குப் படையின் நீலச்சட்டைகள் மேட்டை ஏற ஆரம்பித்தன. அமைதியில் ஏறி, உச்சி தொட்டதும் அத்தனை பேர் முகமும் ஒன்றுபோல மாறியது. ஒருவன் காதைப் பொத்திக்கொண்டு அம்மா என்றான். பிறகு எல்லாரும் இறங்கி ஓடினார்கள். பொழுது சாய்வதற்குள் தெற்குப் படை ஓடையை விட்டது. வாரம் முடிவதற்குள் கென்டக்கியையே விட்டது. பலகையில் போட்டிருக்கிற அம்பு அதுதான்.

ஓடையில் இருந்தவர்கள் ஏன் ஓர் ஆளை அனுப்பவில்லை என்று மறுநாள் தெரிந்தது. "இவ்வளவு சத்தம் அவருக்குக் கேக்காமலா இருக்கும்? கேட்டும் வர மனசில்லைன்னுதான் நினைச்சோம்" என்றார்களாம். அப்படி நினைத்துக்கொண்டே பாதிப் பேர் செத்திருந்தார்கள். ஆசாவின் நெற்றியைப் பார்த்துச் சிரித்த அந்தக் கூட்டாளி உட்பட.

கேப்டன் தேயர் கிளம்பும்போது என்னிடம் சொன்னார்: "இந்தப் பழக்கம் தெரியாதவனா இருந்திருந்தா, யாரு சேதி சொன்னான்னு மத்தியானமே கேட்டிருப்பேன். எங்க வீட்லயும் தேனீ உண்டு. அதனால தொப்பியக் கழட்டிட்டு ஒதுங்கி நின்னுட்டேன்." அவர் கண் கலங்கியிருந்தது. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என் கோபம் முழுக்க வீட்டுக்குள் இருந்தது.

ஆசா மூன்றாம் நாள் நடந்தே வந்தான். உடம்பில் கீறல் இல்லை. பீரங்கிக்குப் பக்கத்திலேயே பொழுதெல்லாம் படுத்திருந்ததில் இரண்டு காதும் போய்விட்டன. நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதேன். அழுகிறேன் என்பதை அவன் என் தோள் குலுங்கியதில்தான் தெரிந்துகொண்டான்.

மாமியார் வாசலில் நின்று பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு தட்டு எடுத்து வைத்தார், விருந்தாளிக்கு எடுக்கும் நல்ல தட்டு.

கறுப்புத் துணியை அவர் அவிழ்க்க விடவில்லை. "சொன்னது சொன்னதுதாண்டி. அதுங்ககிட்ட போய்ப் பொய் சொல்லிட்டேன்னு சொல்ல முடியுமா?" என்றார். அவனுக்குச் சமைத்தார், சட்டை தைத்தார், ஜுரம் வந்தபோது ராப்பகலாகப் பக்கத்தில் இருந்தார். ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. என்னிடம் பேசும்போது "அந்தப் பையன் சாப்பிட்டானா?" என்பார். கடைசிவரை கறுப்பே உடுத்தினார். வடக்குப் படையில் சேர்ந்ததால் அம்மாவுக்குத் தன்மேல் கோபம் என்று ஆசா நினைத்துக்கொண்டான். நான் சிலேட்டில் எழுதிக்கூட உண்மையைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

தேனீக்கள் மட்டும் எங்கும் போகவில்லை. ஆனால் ஆசா பக்கத்தில் போனால் முனகலை நிறுத்திவிடும். அவனுக்கு அது தெரிய வழியில்லை. நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருமுறை, வெகு நாள் கழித்து, மாமியாரை நேருக்கு நேர் கேட்டுவிட்டேன். "உங்க பிள்ளைதான் அத்தை அது. ஏன் இப்படிப் பண்றீங்க?"

அவர் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். "நான் மத்தியானமே கேட்டேண்டி லிண்டி" என்றார். "எல்லாருக்கும் முன்னாடி எனக்குத்தான் கேட்டுது. எழுந்து ஓடியிருக்கணும். உக்காந்து பாவாடையக் கிழிச்சுக்கிட்டிருந்தேன். அத்தன பேரு பெத்த பிள்ளைங்க செத்துச்சு, என் பிள்ளை மட்டும் திரும்பி வந்தா அது எப்படி என் பிள்ளையா இருக்கும்?" என் கோபம் அன்றோடு போய்விட்டது, அவர்மேல் பரிதாபம் வந்தது, அது கோபத்தைவிடப் பாரமாக இருந்தது.

போன இலையுதிர்காலத்தில் அவர் செத்தார். தூக்கத்தில், நல்ல சாவு. வீட்டில் ஆண்பிள்ளை இருந்தால் அவன்தான் தேனீக்களுக்குச் சொல்ல வேண்டும். ஆசா ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனான். நான் புதுக் கறுப்புத் துணியோடு கூடப் போனேன். காற்றில்லாத வெயில், ஒரு இலை ஆடவில்லை.

மூன்று தட்டினான். செவிடர்கள் பேசுகிற அந்த உரத்த, ஏற்ற இறக்கமில்லாத குரலில், "எங்கம்மா போயிட்டாங்க. நீங்க எங்களோட இருங்க" என்றான். ஒப்புக்கொண்டால் அவை முனகும். அவனுக்குக் கேட்காதே, அதனால் உள்ளங்கையை மரத்தின்மேல் வைத்துப் பார்த்தான்.

கையை எடுக்கவில்லை. நெடுநேரம் எடுக்கவில்லை. அவன் முகம் அன்றைக்கு மேட்டு உச்சியைத் தொட்ட சிப்பாய்களின் முகம்போல மாறியது.

"லிண்டி" என்றான். "இன்னும் நிக்கல. சுட்டுக்கிட்டே இருக்காங்க. இன்னும் யாரும் வரல."

பிறகு கொஞ்சம் நகர்ந்து, மரத்துக்குப் பக்கத்தில் எனக்கு இடம் விட்டான். "நீயே காத வச்சுக் கேளு."

ஒரு கேப்டனை மண்டியிட வைத்துக் கேட்கச் செய்தவள் நான். துணியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். என்னால் குனிய முடியவில்லை.